நாற்பத்தொன்றாம் படி

படுக்கையறைக் கதவோரம் அந்தப் பழுப்புப் பெட்டி மூன்று நாட்களாக நின்றுகொண்டிருந்தது. எட்டு வாரத்துக்கான துணி அதற்குள் மடிந்து கிடந்தது. நோட்டக்கா ஒவ்வொரு முறை அந்தப் பக்கம் போகும்போதும் முழங்காலில் இடித்துக்கொண்டாள். ஓரமாக நகர்த்தி வைக்கலாம்தான். அதற்குக்கூட உடம்பில் தெம்பு இல்லை. அவள் கணவர் கட்டிலில் உட்கார்ந்தபடி பெட்டியைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார், பேசாமல் இருப்பார். பேசுவதென்றால் அவருக்கு ஒரு வாக்கியத்துக்கே ஐந்து நிமிடம் பிடிக்கும்.

நோட்டக்கா என்பது ஆபீஸ் வைத்த பேர். மருந்து மொத்த விற்பனைக் கம்பெனி ஒன்றின் தலைமை ஆபீசில், ஸ்டாக் பிரிவில், பதினெட்டு வருடம் குப்பை கொட்டியவள். எதையும் நோட்டில் எழுதாமல் செய்யமாட்டாள். எந்த அலமாரியில் எந்த மருந்து, எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு, வாட்ச்மேனுக்கு எந்தக் காது கேட்காது என்பது வரைக்கும் அதில் இருக்கும். இந்த நல்ல பழக்கம்தான் அவளைக் குழியில் தள்ளியது.

ஒருநாள் ஆபீசுக்கு ஆளுயர அட்டைப்பெட்டியில் ஒரு மெஷின் வந்து இறங்கியது. யூனிக்ஸ் சர்வராம். அதை யார் நிமிர்த்தி நிற்க வைப்பது என்று ஆளாளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தபோது மேனேஜர் அவள் மேசைக்கு வந்தார்.

"நீங்கதான் எல்லாத்தையும் எழுதி வெச்சு செய்வீங்களே. இதையும் கொஞ்சம் பாத்துக்குங்க."

"சார், நான் ஸ்டாக் பாக்கறவ."

"இதுவும் ஸ்டாக் பாக்கப்போற மெஷின்தாம்மா."

இப்படி வாய் கூசாமல் பேசுகிறவரிடம் என்னத்தைச் சொல்வது? எழுநூறு பக்கப் புத்தகம் ஒன்றையும் கூடவே தலையில் கட்டிவிட்டுப் போனார். சந்தேகம் கேட்க ஊரில் ஒரு ஆள் கிடையாது. கறுப்புத் திரை, அதில் ஒரு டாலர் குறி. அந்தக் குறி வந்தால் அடுத்த கட்டளைக்கு மெஷின் தயார் என்று அர்த்தம், அவ்வளவுதான். தப்பாக அடித்தால் தப்பு என்றுகூடச் சொல்லாது, சொன்னதைச் செய்துவிட்டுப் பேசாமல் இருக்கும். முதல் வாரம் தேவையில்லாத இடத்தில் ஒரு இடைவெளி விட்டு அடித்ததில் அதுவரை ஏற்றியதெல்லாம் துடைத்துப் போட்ட மாதிரி போய்விட்டது. பாத்ரூமில் போய் அழுதாள், முகத்தைக் கழுவினாள், முதலிலிருந்து ஆரம்பித்தாள். அந்த மாதிரி நான்கு தடவை.

அந்தப் பாடுகளுக்கு நடுவில்தான் அவள் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக். மேல்மாடி மோட்டார் அறைக்கு வெளியே நின்று சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுகிற ஆள். கை கால் ஒருமாதிரி தேறிவிட்டது. பேச்சுதான் போய்விட்டது, அல்லது எங்கேயோ மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக வெளியே வந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மாள் கண்டிப்பானவர். "அவர் வார்த்தையத் தேடும்போது நீங்க எடுத்துக் குடுக்கக் கூடாது. இந்த மூணு மாசம்தான் முக்கியம். யாராவது கூட இருந்து பேசிக்கிட்டே இருக்கணும். பொறுமையா காத்திருங்க," என்றார். சொல்லிவிட்டார். காத்திருக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

அதனால் பகலில் ஒரு ஏற்பாடு. பதினொன்றரைக்கு மேல்வீட்டம்மா இறங்கி வந்து அவருக்கு மாத்திரை கொடுத்து, போனைக் கையில் பிடிக்க வைப்பார். சர்வர் அறையில் மெஷின் இருக்கிற மேசையிலேயே ஒரு போன் உண்டு. நோட்டக்கா அதில் பேசுவாள். "சாப்... சாப்..." என்று அவர் தேடுவார். "சாப்டாச்சா, சரி," என்று இவள் முடித்து வைப்பாள். இருந்தாலும் நாலு வாக்கியத்துக்கு இருபது நிமிடம் ஆகிவிடும். உண்மையைச் சொன்னால், அந்த இருபது நிமிடமும் அவள் சுவர்க்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மேல் பிரியம் இல்லாமல் இல்லை. அலுத்துப்போயிருந்தாள்.

இரண்டு மாதத்தில் சர்வர் எழுந்து நின்றது. மருந்தின் பேரை அடித்தால் மறுநொடி இருப்பு எவ்வளவு என்று வந்தது. ஆபீசே கூடி நின்று கைதட்டியது. கைதட்டல் அடங்குவதற்குள் மேனேஜர், "இதே மாதிரி எட்டு கிளைக்கும் எட்டு வேணும்," என்றார்.

இன்னும் எட்டு தடவை முதலிலிருந்து ஆரம்பிக்க அவளால் ஆகாது. ஆனால் நோட்டு இருக்கிறதே. முழு வேலையையும் அறுபத்து மூன்று படியாக எழுதினாள். தன் சர்வரை அப்படியே நகல் எடுத்த மூல டிஸ்க்கும் நோட்டின் ஜெராக்ஸும் கிளைக்குப் போகும். கிளையில் இருக்கிற கிளார்க் அந்த டிஸ்க்கை மெஷினில் மாட்டி, அதிலிருப்பதைப் புது டிஸ்க்குக்கு நகல் எடுக்க வேண்டும். அதுதான் நாற்பத்தொன்றாம் படி. நாற்பத்திரண்டில் மெஷினை அணைத்து, மூல டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும்.

"நோட்டப் பாத்து அவங்களே செஞ்சுட்டா நீங்க எங்கயும் போக வேண்டாம்," என்றார் மேனேஜர். "வரலேன்னா நீங்களேதான் போய் செய்யணும். கிளைக்கு ஒரு வாரம்."

எட்டு வாரம். நாத்தனாரைக் கேட்டாள். வீடு மூன்றாவது மாடி, ஏற்ற முடியாது என்று அவள் மூக்கால் அழுதாள். மிச்சம் இருந்தது நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற ஒரு விடுதி. போய்ப் பார்த்தாள். டிவி அலறிக்கொண்டிருந்தது. அங்கே இருந்த ஆயா ஒவ்வொருவரும் வாய் திறப்பதற்கு முன்பே, "சரி தாத்தா, சரி தாத்தா," என்றபடி கடந்து போனாள். இவள் கணவருக்கு வயது ஐம்பத்திரண்டு. அங்கே எட்டு வாரம் விட்டால் திரும்ப வரும்போது அந்த நாலு வாக்கியமும் இருக்காது என்று அவளுக்குத் தெரிந்தது.

அதனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நோட்டைச் சரிபார்த்தாள். அனுப்புவதற்கு முன் மூன்று நாள், நாளைக்கு ஒன்றாகத் தன் கையாலேயே மூன்று நகல் எடுத்துப் பார்த்தாள். மூன்றும் அச்சு அசலாக வந்தன.

முதல் கிளையின் கிளார்க்குக்கு 'அவசரம்' என்றே பேர். காலையில் டிஸ்க் போய்ச் சேர்ந்தது, மத்தியானம் போன் வந்தது.

"அக்கா, மெஷின் நம்ம பேரக் கேக்குது, அதுக்கப்புறம் செத்துப்போச்சு."

"ஒவ்வொரு படியா செஞ்சீங்களா?"

"ஒரு எழுத்து விடல. ரெண்டு தடவை செஞ்சேன்."

இரண்டாம் கிளையில் ஒரு நிதானமான அம்மாள். ஒவ்வொரு வரிக்கும் டிக் போட்டுக்கொண்டே செய்தாராம். அங்கே மெஷின் எழுந்தது, ஆனால் ஸ்டாக் பட்டியல் பாதியிலேயே அறுந்து நின்றது. இரண்டு இடத்திலும் ஒரே நோட்டு, வெவ்வேறு கோளாறு. நோட்டக்காவுக்கு முழி பிதுங்கியது. கட்டளைகளை எழுத்துக்கு எழுத்து போனில் படிக்கச் சொல்லிக் கேட்டாள். எல்லாம் சரி.

"திங்கக்கெழம கெளம்பிடுங்கம்மா," என்றார் மேனேஜர். அன்றைக்கு வெள்ளி. அன்று சாயங்காலமே, நகல் வேலை இரண்டு கிளையிலும் சொதப்பியதைக் கணவரிடம் புலம்பியபடி, பழுப்புப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினாள். முதல் வாரம் மட்டும் அவரை மேல்வீட்டம்மா பார்த்துக்கொள்வார், அதற்குப் பிறகு விடுதிதான்.

சனிக்கிழமை வீட்டில் அவர் ஏதோ ஆரம்பித்தார். "அந்த... சத்தம்..."

"டிவியா? கொறைக்கறேன்," என்று குறைத்துவிட்டு அவர் மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரிக்கப் போனாள்.

பிற்பகலில் மறுபடி. "நீ... போன்ல..."

"போன் சரியாத்தாங்க இருக்கு. மேல்வீட்டம்மா வந்து போட்டுக் குடுப்பாங்க." போகிற போக்கில் முழங்காலைப் பெட்டியில் இடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெட்டிக்குள் கடைசியாக ஒரு துண்டைத் திணிக்கக் குனிந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவர் மறுபடி ஆரம்பித்தார். இந்தத் தடவை எடுத்துக் கொடுக்க அவள் வாயில் சொல் இல்லை. பொறுமையெல்லாம் ஒன்றுமில்லை. சோர்வு, அவ்வளவுதான்.

"நீ... போன்ல... பேசும்போது..." அவர் நிறுத்தினார், தேடினார். "பின்னாடி... ஒரு மோட்டார்... ஓடும்."

அவள் கண்ணைத் திறந்தாள்.

"கிர்ருனு. நகல்... எடுத்த... மூணு நாளும். அது... நின்னப்புறம்தான்... நீ... போன... வெப்ப." நெற்றியில் வியர்வை துளிர்த்தது. இன்னும் முடியவில்லை என்று இடது கையைத் தூக்கிக் காட்டினார். எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. "அங்க... அவங்க... யார்கூட... பேசறாங்க?"

நோட்டக்கா தவழ்ந்து போய்ப் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். நாற்பத்தொன்றாம் படி. கட்டளையின் கடைசியில் சுழித்தெழுதிய ஒரு சின்னக் குறி. முதல் வாரத்தில் எழுநூறு பக்கப் புத்தகத்தில் பார்த்துப் பழகியது, நோட்டு எழுதும்போது கை தானாகச் சேர்த்தது. வேலையைப் பின்னணியில் ஓடவிட்டு, டாலர் குறியை உடனே திருப்பிக் கொடு என்று அதற்கு அர்த்தம். சேர்த்ததையே மறந்துவிட்டாள். டாலர் குறி வந்துவிடும். பார்க்கிறவருக்கு வேலை முடிந்த மாதிரி இருக்கும். உள்ளே டிஸ்க் கிர்ரென்று சுழன்று இன்னும் இருபது நிமிடம் நகல் எடுத்துக்கொண்டே இருக்கும். கிளையில் அவசரம் ஒரே நிமிடத்தில் மெஷினை அணைத்திருப்பான். டிக் போடுகிற அம்மாள் கொஞ்சம் மெதுவாக அணைத்திருப்பார், அதனால் அவருக்குப் பாதிப் பட்டியலாவது கிடைத்தது. இவளுக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் மணி பதினொன்றரை ஆகும், டாலர் குறி வந்ததும் போன் பக்கம் திரும்பிவிடுவாள்.

வாட்ச்மேனின் காதையெல்லாம் எழுதி வைத்தவள் இதை எழுதவில்லை. எழுத வேண்டிய ஒன்றாகவே அவளுக்குத் தோன்றவில்லை. அது வீணாய்ப் போகிற நேரம் என்றல்லவா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது. அவர் முன்னால் நோட்டை வைத்துக்கொண்டு முகத்தைப் பொத்தி அழுதாள்.

"நேத்தே சொல்ல வந்தீங்களா?"

"வெள்... ளிக்... கெழம."

திங்கட்கிழமை பஸ் ஒன்பதரைக்கு. எட்டு மணிக்கே பெட்டியோடு ஆபீசில் இருந்தாள். மேனேஜரை நிற்க வைத்துக்கொண்டு இரண்டாம் கிளைக்குப் போன் போட்டாள். அந்த அம்மாள் டிஸ்க்கை எல்லாம் மாட்டித் தயாராகத்தான் இருந்தார்.

"நாப்பத்தொண்ண அடிச்சுட்டு கைய எடுத்துடுங்க. டிஸ்க் வெளக்கு சிமிட்டறது நிக்கற வரைக்கும் தொடாதீங்க. இருபது நிமிஷம் ஆகும்."

"அது வரைக்கும் நான் என்ன பண்றது?"

நோட்டக்கா கொஞ்சம் யோசித்தாள். "வீட்டுக்குப் போன் பண்ணிப் பேசுங்க."

ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்கு அந்தக் கிளையிலிருந்து அழைப்பு வந்தது. ஸ்டாக் பட்டியல் முழுசாக, கடைசி இருமல் மருந்து வரைக்கும் இருக்கிறதாம். வேலை நாளில் என்ன போன் என்று தன் மகள் பயந்துபோய்விட்டாள் என்றும் அந்த அம்மாள் சொன்னார்.

மேனேஜர் உச்சுக் கொட்டினார். "இவ்ளோ சின்ன விஷயத்த முன்னாடியே எழுதியிருக்கக் கூடாதா?" மனுஷருக்கு நன்றி சொல்கிற பழக்கம் கிடையாது. எதிர்பார்த்தால் எதிர்பார்த்தவளைச் சொல்ல வேண்டும்.

"எனக்கே தெரியாது சார். என் வீட்டுக்காரர்தான் கண்டுபிடிச்சார்."

"அவர் கம்ப்யூட்டர்லயா இருக்கார்?"

"லிஃப்ட்ல," என்றாள். விளக்கத் தெம்பு இல்லை. மற்ற கிளைகளுக்கான நோட்டில் நாற்பத்தொன்றுக்குக் கீழே இரண்டு வரி எழுதிச் சேர்த்துவிட்டு, பஸ்ஸை ரத்து செய்துவிட்டு, அரைநாள் லீவு கேட்டாள். கொடுத்தார், பாவம்.

வீட்டுக்கு வந்து பெட்டியை அதே கதவோரம் பொத்தென்று போட்டாள். கட்டிலில் இருந்தவர் பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "பெட்டி..." என்று ஆரம்பித்தார்.

யார் தூக்கி வந்தது என்று கேட்கப்போகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. ஆட்டோவில் வந்தேன் என்கிற பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கடிகாரம் எதிர்ச்சுவரில்தான் இருந்தது. அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெட்டிய... உள்ள... வை," என்றார் அவர். மூச்சு வாங்கினார். மீதியும் வர வேண்டியிருந்தது, அவள் காத்திருந்தாள். "மூணு நாளா... முட்டில... இடிச்சுக்கற."