பஜ்ஜி போடப் போன இடத்தில்

1999 கோடையில், நியூ ஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷனில் இருந்த என் சித்தி வீட்டில் நடந்தது இது.

நான் பத்தாவதோடு படிப்பை விட்டவன். கப்பலில் பாத்திரம் கழுவினேன், ஹூஸ்டனில் கேஸ் ஸ்டேஷனில் நின்றேன். அப்போது நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் சமையல் வேலை. டெக்சாஸில் இருந்த என் அக்காவுக்கு மார்பில் புற்றுநோய். எங்கள் அம்மாவும் அதில்தான் போனார். ரத்தத்தைப் பரிசோதித்த டாக்டர், இது அம்மா வழியில் வருவது, அம்மாவின் தங்கைக்கும் அவர் மகளுக்கும் உடனே சொல்லுங்கள் என்றாராம்.

"நான் போன் பண்ணா சித்தி பேச்சை மாத்திடறாங்கடா. நீ பக்கத்துலதானே இருக்க, நேர்ல போய்ச் சொல்லு" என்றாள் அக்கா.

அந்த வாரமே சித்தி மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. பஜ்ஜி போட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அன்று வாழைக்காய் சீவிக்கொண்டே யோசித்தேன். இன்று சொன்னால் சம்பந்தம் கெட்டுப்போகலாம். தள்ளிப்போட்டால் எனக்கு வாயே வராது. அடுப்படிக்கு வந்த சித்தியிடம் சொல்லிவிட்டேன்.

சித்தி கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தார். "மெதுவாப் பேசுடா. பரம்பரை வியாதின்னு தெரிஞ்சா எவன் பொண்ணு எடுப்பான்?"

"நீங்களாவது டாக்டர்கிட்ட காட்டுங்க சித்தி."

"காட்டறேன். எனக்கும் சின்னதா ஒரு கட்டி இருக்கு. வலியெல்லாம் இல்ல. அவ கழுத்துல தாலி ஏறட்டும்."

எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்கு ஓடி, புடவை கட்டிக்கொண்டிருந்த சித்தி மகளைக் கதவுக்கு வெளியே கூப்பிட்டுச் சொன்னேன். கொசுவத்தைக் கையில் பிடித்தபடியே இறங்கி வந்தாள்.

"அம்மா, எவ்வளவு நாளா? ஏன் சொல்லல?"

சித்தி அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டார்: "திருப்தியாடா?"

வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டார்கள். பெண்ணே அவர்களிடம் விஷயத்தைச் சொல்லி, அம்மாவின் வைத்தியம் முடியட்டும் என்றாள். "பார்த்துக்கோம்மா" என்று அன்பாகத்தான் கிளம்பினார்கள். அதன்பின் அவர்களிடமிருந்து போன் வரவில்லை.

சித்திக்கு அறுவை சிகிச்சை நடந்தது. முடியெல்லாம் கொட்டி, மறுபடி முளைத்தது. இன்னும் நான் போன் செய்தால் எடுத்து, என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறார். என்மேல் கோபப்பட அவர் உயிரோடு இருக்கிறாரே, அது போதும் எனக்கு.