சூடத் தட்டும் சோப்புக் கட்டியும்

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில், பரவையைத் தாண்டியதும் ஒரு தகரக் கொட்டகையில் லேத் பட்டறை வைத்திருந்தேன். பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு பழைய லேத், ஒரு டிரில்லிங் மெஷின், இரண்டு வைஸ், அவ்வளவுதான். சுற்றுவட்டாரத் தோட்டங்களின் பம்ப்செட்டுகள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. கொட்டகையை ஒட்டிப் பின்னால் வீடு. நான், மனைவி, ஒன்பது மாதக் கைக்குழந்தை. மனைவியின் தம்பியும் என்னோடு வேலை பார்த்தான்.

எனக்கு வயது இருபத்தெட்டு. வாய்க்கு மட்டும் ஐம்பது இருக்கும். 'எனக்குத் தெரியாது' என்று யாரிடமும் சொன்னதே கிடையாது. எந்த மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினாலும், அதைப் பார்ப்பதற்கு முன்பே தலையை ஆட்டிவிடுவேன். ஆள் போன பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று யோசிப்பேன். பெரும்பாலும் தப்பித்தும் வந்தேன். அதனால் அந்தக் குணம் இன்னும் முற்றிப்போயிருந்தது.

அன்றைக்கு ஆயுத பூஜைக்கு முந்தின நாள். பூஜையில் வைத்த சாமான்களை மறுநாள்வரை தொடக் கூடாது என்பதால், கையில் இருந்த வேலைகளை முடித்துவிட ஓடிக்கொண்டிருந்தோம். மதியம் இரண்டு மணி இருக்கும். மச்சினன் வாசலில் இருந்து கத்தினான்.

"மச்சான், வெளிய வந்து பாருங்க. ஒரு வெள்ளைக்காரம்மா தனியா வண்டிய உருட்டிக்கிட்டு வாராக!"

போய்ப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். வெயிலில் முகமெல்லாம் சிவந்து, காக்கிச் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. கறுப்பு நிற மோட்டார் சைக்கிள், இரண்டு பக்கமும் தகரப் பெட்டிகள். அதன் மேல் அப்பியிருந்த மண்ணைப் பார்த்தால் ஒரு வண்டி களிமண் தேறும். முன்சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கடகடவென்று ஆடியது. பேரிங் நொறுங்கிவிட்டது என்று தூரத்திலேயே தெரிந்தது.

மச்சினன் பத்தாவது வரை படித்தவன். அவனுக்கும் எனக்கும் சேர்த்து இருபது இங்கிலீஷ் வார்த்தை தேறும். அந்த அம்மா சாக்பீஸை எடுத்து சிமெண்டுத் தரையில் கோடு போட்டுக் காட்டினார். அவருடைய நாடு ஜெர்மனிக்குப் பக்கத்தில் எங்கோ இருந்தது. அங்கிருந்து துருக்கி, ஈரான், பாகிஸ்தான் வழியாக ஆறு மாதம் தனியாக ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். கோட்டின் முடிவில் ஒரு கப்பல் வரைந்தார். நாளை மறுநாள் காலையில் இராமேஸ்வரத்திலிருந்து இலங்கைக்குப் போகும் கப்பல் அது. பாஸ்போர்ட்டை விரித்துக் காட்டினார். நம் நாட்டில் இருக்க அனுமதித்த கடைசித் தேதியும் அதே நாள்தான். அதை விட்டால் அடுத்து மழைக்காலம், கப்பல் எப்போது ஓடும் என்று யாருக்கும் தெரியாது. பாம்பனில் அப்போது ரயில் பாலம் மட்டும்தான். மறுநாள் பொழுது சாய்வதற்குள் மண்டபம் போய், வண்டியை ரயிலில் ஏற்றினால்தான் உண்டு.

டீக்கடைக் கூட்டம் முழுவதும் என் பட்டறை வாசலுக்கு வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் அந்த அம்மா என்னைப் பார்த்து, முடியுமா என்பதுபோல் கையை விரித்தார். நான் தலையை ஆட்டினேன்.

அந்தத் தலையாட்டலில் தப்பில்லை, பேரிங் வேலை எனக்குத் தெரியும். ஆனால் அடுத்து ஒன்று ஆட்டினேன், அதுதான் வினை. வண்டியைத் தூக்கி நிறுத்தும்போது அந்த அம்மா குனிந்து, பெட்ரோல் டேங்குக்கு அடியில் எதையோ காட்டி நாலைந்து வாக்கியம் வேகமாகச் சொன்னார். விரலைத் தேய்த்துக் காட்டினார், வேண்டாம் என்பதுபோல் ஆட்டியும் காட்டினார். எனக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. கூட்டம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. "யெஸ், யெஸ், நோ பிராப்ளம்" என்றேன்.

"என்ன மச்சான் சொல்றாக?" என்றான் மச்சினன்.

"டேங்கப் பாத்துப் பிடிக்கணுமாம் மாப்ள. கீறல் விழுந்துறக் கூடாதாம்" என்று கூசாமல் அவிழ்த்துவிட்டேன்.

அந்த அளவு பேரிங் மதுரையில் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். அலமாரியில் ஒரு பம்ப்செட் பேரிங் கிடந்தது. உள்துளை சரியாக இருந்தது, வெளிச்சுற்றுதான் சின்னது. இடைவெளிக்கு இரும்பில் ஒரு வளையம் கடைந்து, பேரிங்கை அதற்குள் இறக்கி, பொழுது சாய்வதற்குள் சக்கரத்தை மாட்டிவிட்டேன். அந்த அம்மா சாலையில் ஒரு சுற்றுப் போய்வந்து, என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

விடிந்ததும் கிளம்ப வேண்டும் என்றார். என் மனைவி விடவில்லை.

"நல்ல நாளும் அதுவுமா வெறும் வயித்தோட அனுப்புறதா? பத்து மணிக்குப் பூசை. முடிச்சு ஒரு வாய் சாப்புட்டுப் போகட்டும். அம்புட்டு தூரம் வந்தவுகளுக்கு இம்புட்டு நேரத்துல என்ன ஆயிரப் போகுது?"

நானும் கணக்குப் போட்டேன். பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினால்கூட வெளிச்சத்தில் மண்டபம் போய்விடலாம். சைகையில் சொன்னதும் அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

மறுநாள் காலையில் லேத்தைத் துடைத்து, ஸ்பானர்களையெல்லாம் மண்ணெண்ணெயில் கழுவி வாழையிலையில் அடுக்கிவைத்தோம். நடுவில் அந்த வண்டியை நிறுத்த வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆறு நாட்டு மண்ணோடு அதைச் சாமி முன்னால் எப்படி நிறுத்துவது? அந்த அம்மா பின்கட்டில் குளிக்கப் போன நேரமாகப் பார்த்து, பம்ப்செட் குழாயை இழுத்துவந்து தண்ணீரைப் பீய்ச்சினேன். தேங்காய் நாரை வைத்துத் தேய்த்தேன். டேங்குக்கு அடியில், பின்பக்க ஓரத்தில், மண்ணும் எண்ணெயும் கலந்து ஒரு கறுப்புக் கட்டி அப்பியிருந்தது. நாருக்கு வரவில்லை. இரும்புப் பட்டியால் நெம்பிச் சுரண்டி எடுத்துவிட்டு, 'நம்மைப்போல் யார் இவ்வளவு சுத்தமாகக் கழுவுவார்கள்' என்று மெச்சிக்கொண்டேன். ஈரத்தோடேயே வண்டியை உள்ளே தள்ளி, சந்தனம், குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டாயிற்று.

பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். தரையெல்லாம் கழுவிய தண்ணீர். பெட்ரோல் வாடை அடித்தது. பட்டறையில் அது அடிக்காத நாள் ஏது? தேங்காய் உடைத்துவிட்டு, பித்தளைத் தட்டில் ஒரு கை சூடத்தை வைத்து ஏற்றினேன். லேத்துக்குக் காட்டினேன். வண்டிக்குத் திரும்பினேன். என் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று கும்பிட்டாள். தட்டைச் சுற்றிக் கீழே சக்கரத்தின் பக்கம் இறக்கியபோதுதான் அந்த அம்மா தலையில் துண்டோடு உள்ளே வந்தார்.

ஒரு கணம் நின்றார். மூக்கை உறிஞ்சினார். என்ன சொல்லிக் கத்தினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பாய்ந்து வந்து என் கையிலிருந்த தட்டை எரிகிற சூடத்தோடு பிடுங்கினார். எரியும் கட்டி ஒன்று அவர் விரல்மேல் விழுந்தது. உதறக்கூட இல்லை. அப்படியே வாசலைத் தாண்டி ஓடி, சாலையோர வாய்க்காலில் தட்டைக் கவிழ்த்துவிட்டார்.

"அய்யய்யோ, சூடத்த அணைச்சிட்டாகளே!" என்று கூட்டம் பதறியது. ஆயுத பூஜையன்று, என் பட்டறையில், என் கையிலிருந்த சூடம் வாய்க்கால் தண்ணீரில் மிதந்தது. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"ஏம்மா, ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? எங்க சாமி ஒனக்கு வெளையாட்டாப் போச்சா? ஒரு நாளெல்லாம் ஒனக்காகப் பாடுபட்டதுக்கு இதுதான் மரியாதையா?" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுத வெட்கமாக இருக்கிறது.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய், குனியவைத்து, என் உள்ளங்கையை டேங்குக்கு அடியில் வைத்தார். சில்லென்று இருந்தது. தண்ணீர் அவ்வளவு சில்லென்று இருக்காது. அந்தக் குளிர்ச்சி என்னவென்று ஒரு மெக்கானிக்குக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும்.

தரையைப் பார்த்தேன். கழுவிய தண்ணீரின் மேல் பெட்ரோல் வானவில் நிறத்தில் மிதந்து பரவியிருந்தது. வாழையிலைக்கு அடியில் ஓடி, என் வேட்டியின் கரையை நனைத்து, என் மனைவியின் வெறுங்கால்வரை போயிருந்தது. தட்டு இன்னும் ஒரு சாண் இறங்கியிருந்தால்...

"புள்ளையத் தூக்கிட்டு வெளிய போ" என்றேன். எல்லாரையும் வெளியேற்றி, வண்டியைச் சாலைக்குத் தள்ளினோம். நான் சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். பத்துப் பேர் பார்க்கிறார்களே என்றுகூடத் தோன்றவில்லை, அழுதேன்.

அந்த அம்மா ஓட்டையை ஒரு விரலால் அடைத்துக்கொண்டு, மறுகையால் பெட்டியிலிருந்து ஒரு சோப்புத் துண்டை எடுத்துக் காட்டினார். பாக்கு அளவுதான் மிச்சமிருந்தது. தேய்ப்பதுபோல் காட்டினார். அப்போதுதான் முந்தின நாள் சொன்ன நாலைந்து வாக்கியமும் மொத்தமாகப் புரிந்தது. டேங்கின் ஓரத்தில் விரிசல். வழியில் எங்கோ சோப்பைப் பிசைந்து துணியோடு அப்பி அடைத்திருக்கிறார். சோப்பு பெட்ரோலில் கரையாது. அதைத் தொடாதே, கழுவாதே என்றுதான் அத்தனை கெஞ்சியிருக்கிறார். நான் நெம்பி எடுத்த கறுப்புக் கட்டி அதுதான்.

"நேத்து இதத்தான் சொன்னாகளா மச்சான்?" என்று மச்சினன் மெதுவாகக் கேட்டான்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவனும் நம்பியிருப்பான். "நேத்து எனக்கு ஒண்ணுமே புரியல மாப்ள. புரிஞ்ச மாதிரி தலைய ஆட்டிட்டேன்" என்றேன். டீக்கடைக் கூட்டம் முழுவதும் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.

என் மனைவி வீட்டிலிருந்த துணி சோப்பு பார் முழுவதையும் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த அம்மா பிசைய, நான் துணியைக் கிழித்துக் கொடுக்க, ஓட்டை அடைபட்டது. ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. கன்றிப்போன அவர் விரல்களைப் பார்த்துவிட்டு, மனைவி ஓடிப்போய் மச்சினனின் இங்க் புட்டியை எடுத்துவந்து ஊற்றினாள். அந்தக் காலத்தில் தீக்காயத்துக்கு எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். அந்த அம்மா நீல விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் புரியாத முகம். ஆனால் என்னைப்போல் தலையாட்டவில்லை, புருவத்தைத் தூக்கி 'ஏன்?' என்றார். மனைவி ஊதிக் காட்டி, ஆறிவிடும் என்று சைகை செய்தாள்.

அணைந்த சூடத்தோடு அவரை அனுப்ப மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை. வண்டிக்கு முப்பது அடி தள்ளி, சாலையோரக் கல்லின் மேல் மனைவி புதுச் சூடம் ஏற்றினாள். அது தானாக எரிந்து அடங்கும்வரை எல்லாரும் பேசாமல் நின்றோம். அந்த அம்மாவும் நீல விரல்களைக் கூப்பி நின்றார். சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு எலுமிச்சம்பழம் வைத்தோம். அவற்றை நசுக்கிக்கொண்டு பன்னிரண்டரைக்கு வண்டி கிளம்பியது. மாலை இன்னும் அதன் கழுத்தில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று வாரம் எனக்குத் தூக்கம் சரியில்லை. சோப்பு தாங்கியதா, கப்பல் கிடைத்ததா என்ற நினைப்புதான். ஒருநாள் தபால்காரர் கடல் படம் போட்ட ஒரு கார்டைக் கொண்டுவந்தார். இலங்கை முத்திரை, கிளம்பும்போது மச்சினன் எழுதிக்கொடுத்த விலாசம். இந்தத் தடவை நானாக எதையும் அவிழ்த்துவிடாமல், பள்ளிக்கூட வாத்தியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, "எனக்குப் புரியல சார், படிச்சுச் சொல்லுங்க" என்றேன். கப்பலைப் பிடித்துவிட்டேன், சக்கரம் நன்றாக ஓடுகிறது, சோப்பு அப்படியே இருக்கிறது, விரலில் நீலம்தான் இன்னும் போகவில்லை என்று எழுதியிருந்தார். வாத்தியார் சிரித்தார். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்ததுபோல் இருந்தது.

இப்போது திருநகரில் மகள் வீட்டோடு இருக்கிறேன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வாசலில் நிற்கும் வண்டிகளின் அடியில் கையை விட்டுத் தடவிப் பார்ப்பேன், சூடத்தைத் தெருவில் தள்ளி வைத்துத்தான் ஏற்றுவேன். "ஒரு சூடத்துக்கு இம்புட்டு பயமாப்பா?" என்று மகள் கேலி செய்கிறாள். அன்றைக்கு என் மனைவியின் இடுப்பில் இருந்த ஒன்பது மாதக் குழந்தை அவள்தான். அவள் சிரிக்கும்போதெல்லாம், 'எனக்குப் புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்' என்று வாய்விட்டுக் கேட்பதில் எந்தக் குறைச்சலும் இல்லை என்று எனக்குள் ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன்.