மாமன் வாசலில் உட்கார்ந்த நாள்

பிள்ளைகளே, நம் ஊர் டீக்கடையில் இப்போது பொரி மூட்டை வந்து இறங்குகிறது. ஆயுத பூஜைக்கு மட்டும் பொரி வாங்கிப் பழகிய ஊர் இது. நடவுக்கு வந்திருக்கும் வங்காளத்து ஆட்கள் விடிகாலையில் டீத் தம்ளருக்குள் ஒரு பிடி பொரியைக் கொட்டிச் சாப்பிட்டுவிட்டு வயலில் இறங்குகிறார்கள். முதல் நாள் எனக்கும் சிரிப்பு வந்தது. சவுதியில் தக்காளித் தோட்டத்தில் நான் குப்பூஸ் ரொட்டிக்குள் ஊறுகாயைத் தடவிச் சுருட்டித் தின்றதைப் பார்த்து அங்கிருந்தவர்கள் சிரித்தது ஞாபகம் வந்ததும், வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டேன்.

குன்னத்து மானாவாரிக் காட்டில் மழை பொய்த்துத்தான் நான் சவுதிக்குப் போனேன். ஒன்பது வருஷம் கழித்துத் திரும்பி, உங்கள் அம்மாவின் ஊரான இந்தத் தா.பழூர்ப் பக்கம் குடியேறினேன். படிப்பு எட்டாவதோடு சரி. ஆனால் அங்கே கற்ற இந்தி இருக்கிறது. அதை வைத்து இந்த ஆட்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன், மருந்துச் சீட்டை விளக்குவேன். அதற்காக யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை.

அவர்கள் என்மேல் வைத்த அந்த நம்பிக்கையை வைத்துத்தான் தப்புச் செய்தேன். அவர்களை வேலைக்கு அழைத்து வந்த மேஸ்திரி ராசு உங்களுக்கு மாமன் முறை. "போலீசுல ஜெராக்ஸ் கேக்கறாங்க மச்சான். நான் கேட்டா பயப்படுவானுங்க, நீங்க வாங்கிக் குடுங்க" என்றான். பதினாலு பேரின் ஆதார் அட்டையையும் வாங்கி அவனிடம் கொடுத்தேன். அட்டைகள் திரும்பவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்றாம் வாரம் சுபல் என்பவன் என்னைத் தேடி வந்தான். தாயாருக்குப் பேச்சு நின்றுவிட்டதாக ஊரிலிருந்து போன். மறுநாளே அரியலூரில் ரயிலேற வேண்டும். வழியில் யார் மறித்தாலும் காட்ட அவனுக்கு அந்த ஒரு அட்டைதான். "உங்களை நம்பித்தானே கொடுத்தேன், தாதா" என்றான் இந்தியில். தாதா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன்.

ராசுவிடம் போனேன். "நடவு முடியட்டும் மச்சான். கார்டக் குடுத்தா நாளைக்கே பாதிப் பேரு ரயிலேறிடுவான்."

இதே பேச்சை நான் அரபியில் கேட்டிருக்கிறேன். என் பாஸ்போர்ட்டைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த கஃபீல், அதாவது அங்குள்ள முதலாளி, அறுவடை முடியட்டும் என்றார். என் அப்பாவின் பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகுதான் குன்னம் வந்து சேர்ந்தேன். அவரைத் திட்டாத நாளில்லை. இப்போது அவர் செய்த அதே வேலைக்கு நானே கை கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் விடிந்ததும் ராசு வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன்.

"எந்திரிங்க மச்சான், அசிங்கமா இருக்கு."

"என் கையால குடுத்தது மாப்ள. என் கையாலயே வாங்கிட்டுத்தான் எந்திரிப்பேன்."

"நீங்க ஊருக்கு ஆளா, அவனுங்களுக்கு ஆளா? நீங்களே இங்க பொழைக்க வந்தவருதான்."

"ஆமா, பொழைக்க வந்தவன்தான். அதான் உக்காந்திருக்கேன்."

ஒரு மணி நேரம் கழித்துச் சுபலின் அட்டையை மட்டும் என் மடியில் போட்டான். வண்டியில் சுபலை ஏற்றிப்போய் அரியலூரில் ரயிலேற்றிவிட்டு, திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தேன். "இன்னும் என்ன?" என்றான். "பதிமூணு இருக்கு" என்றேன். சாயங்காலம் உங்கள் அத்தைதான் மஞ்சப்பையோடு வெளியே வந்தாள். "இந்தாங்கண்ணே, எடுத்துட்டுப் போங்க. தெருவே வேடிக்க பாக்குது."

மறுநாள் அந்தப் பதிமூன்று பேரும் சட்டைப்பையில் அட்டையோடு வயலில் நின்றார்கள். ஒருவன்கூட ரயிலேறவில்லை. சுபல் போய்ச் சேர்ந்தபோது தாயாருக்கு உயிர் இருந்ததாம்.

உங்கப்பா வெளியூரானுக்கு ஆள் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்னதாக வந்து அழுதீர்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். மாமன் நம் வீட்டுக்கு வருவதில்லை, வரும்போது வரட்டும். மறுபடியும் அப்படி நடந்தால் மறுபடியும் உட்காருவேன்.

இன்று காலை டீக்கடையில் நம் தெருக்காரர்கள் என்னைப் பார்த்ததும் பெஞ்சில் கால் நீட்டிக்கொண்டார்கள். எதிர் பெஞ்சில் அந்த ஆட்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். எதிலும் உட்காரவில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்று, என் தம்ளரில் ஒரு பிடி பொரியைக் கொட்டி, எல்லாரும் பார்க்க நிதானமாகச் சாப்பிட்டேன்.