பெயரைக் கடைசியாகக் கேட்டவர்

குச்சவெளி பஸ்ஸில் இருந்தபோது தவராசா அண்ணையின் மகள் அழைத்தாள். "அங்கிள், விடியப்புறம் அப்பா மோசம் போயிட்டார்." "வாறன் பிள்ளை" என்றேன். அடுத்த தரிப்பில் இறங்கிச் செத்தவீட்டுக்குத் திரும்பினேன். இந்த நினைவு மலருக்கு ஒரு பக்கம் கேட்டவளும் அவளே.

பாலையூற்றில் உங்களில் பலருக்கு அவர் ஒரு சாரதி. எனக்கும் அப்படித்தான் அறிமுகம். மாவட்டத்தின் காட்டு மிருகங்களைப் பற்றிய கணக்கெடுப்பில் எங்கள் குழுவின் ஜீப்பை ஓட்டினார். ஊரூராய்ப் போய், எந்த மிருகம் இருக்கிறது என்று கேட்டு எழுதுவது எங்கள் வேலை. படிவம் நான் தயாரித்தது. மிருகங்களின் பெயர்களை இந்தியாவில் அச்சான ஒரு புத்தகத்திலிருந்து எடுத்திருந்தேன்.

கிளிவெட்டியில் ஒரு கமக்காரரிடம், "கடமான் இருக்கோ?" என்று கேட்டேன். "இல்லைத் தம்பி, கண்டதேயில்லை" என்றார். 'இல்லை' என்று எழுதினேன். அண்ணை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே மாட்டியிருந்த பெரிய கிளைக்கொம்பில் துவாய் காய்ந்துகொண்டிருந்தது.

"அப்ப ஐயா, இது என்னத்தின்ர கொம்பு?"

"மரையின்ர. காட்டுக்கரையில விழுந்து கிடந்தது. கிழமைக்கு ரெண்டு தரம் வயலுக்க வருமே!"

கடமானும் மரையும் ஒன்றுதான். அதற்கு முன் எட்டு ஊர்களில் 'இல்லை' என்று எழுதியிருந்தேன். சருகுமானுக்கும் அதே கதி. இங்கே அது உக்குளான். திரும்பப் போவோம் என்றார் அண்ணை. அறிக்கை கொடுக்க ஒரு மாதமே இருந்தது. "நீங்கள் ஜீப்பை ஓட்டுங்கோ, மற்றதை நாங்கள் பாக்கிறம்" என்றேன், எல்லோருக்கும் முன்னால். "மிருகமில்லை எண்டு எழுதின காட்டை ஆர் தம்பி வெட்டாம விடுவினம்?" என்று மட்டும் கேட்டார்.

அதன்பின் லீவு நாள்களில் பஸ் பிடித்து அந்த ஊர்களுக்குத் தனியே போயிருக்கிறார். கால்தடம் எப்படி, புழுக்கை எப்படி, எதைத் தின்னும் என்று விசாரிப்பார். வெருகலில் ஒரு தேத்தண்ணிக் கடையில் மரை மாதிரிக் கத்தியும் காட்டினாராம். "மரைதான், ஆனா தடிமன் பிடிச்சு மூக்கடைச்ச மரை" என்றாராம் கடைக்காரர். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "பேரைக் கடைசியாக் கேளுங்கோ தம்பி. முதல்ல பேரைச் சொன்னா, சனம் பேருக்குத்தான் பதில் சொல்லும்" என்பார்.

ஒருநாள் காலையில் என் மேசையில் ஒரு கொப்பி இருந்தது. ஊர்வாரியாக எல்லாம் எழுதியிருந்தார். அதை வைத்துத்தான் அறிக்கையைத் திருத்தினேன். அந்தக் காடு இன்றும் நிற்கிறது. மிருகங்களுக்கு ஊரில் வழங்கும் பெயர்களென்று அறிக்கையில் இருந்த பட்டியலைப் பலர் பாராட்டினார்கள். அதன் கீழே தொகுத்தவர் என்று என் பெயர் இருக்கிறது. ஒரு பிரதியை அவரிடம் கொடுத்தபோது புரட்டிப் பார்த்து, "வடிவா வந்திருக்கு" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

அவரை அறிந்த உங்கள் முன் இப்போது சொல்கிறேன்: பிழை என்னுடையது, பட்டியல் அவருடையது. கொப்பி என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் தடம், புழுக்கை, தீனி, சத்தம், கடைசியில் மிருகத்தின் பெயர். தன் பெயரை அவர் எங்கும் எழுதவில்லை. நேற்று அதன் கடைசிப் பக்கத்தில் நான் எழுதினேன்: தொகுத்தவர், தவராசா, சாரதி.