மத்தியானத்தோடு முடிகிற வேலை

தெமோதரைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில், "அடுத்த பொறப்புலயாவது ஆம்பளையா பொறக்கணும்" என்று சொல்லாத பெண் கிடையாது. ஆண்கள் தேயிலைச் செடிகளைக் கத்தியால் கவ்வாத்து வெட்டிவிட்டு மத்தியானமே லயத்து வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். பெண்கள் பொழுது சாயும்வரை கொழுந்து பறித்து, நிறுத்துக் கொடுத்து, வந்து அடுப்பையும் மூட்ட வேண்டும். வேறென்ன சொல்வார்கள்?

பெண் பிள்ளை என்று வளர்க்கப்பட்ட ஆண் நான். அம்மாவும் அத்தைமாரும் இப்படிச் சொல்லக் கேட்டுக் கேட்டு, எல்லாப் பெண்களுக்கும் உள்ளே என்னைப் போலத்தான் இருக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறார்கள் என்று நம்பினேன். பெரிய பிள்ளையானேன் என்று தண்ணீர் ஊற்றிச் சேலை கட்டிய அன்று, என் உடம்பைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை. அம்மாவிடம் கேட்டேன்.

"நெசமாவே நாளைக்கு ஆம்பளையா மாறலாம்னா மாறுவீங்களாம்மா?"

"சீ, போ! எனக்கெதுக்கு மீசையும் கீசையும்? நான் வேலையத்தான் சொன்னேன்" என்று சிரித்தார்.

அப்படியானால் நான் மட்டுந்தானா?

தொண்ணூறுகளின் கடைசியில் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்துக்குப் போனேன். காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது பெண்கள் பக்கம் போய் நிற்பதுதான் நரகம். ஒருநாள் முடியைக் கத்தரித்துவிட்டு, அண்ணனின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆண்கள் பக்கம் நின்றேன்.

"ஏம்புள்ள, மத்தியானமே போயித் தூங்கலாம்னு பாக்குறியா?" என்றார் கங்காணி.

பெண்கள்தான் அதிகம் சிரித்தார்கள். "நல்ல யோசனடி, நாங்களும் வர்றோம்!"

பேய் பிடித்திருக்கிறது என்று அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சோம்பேறி என்றதும் கோபம் தலைக்கேறியது.

"கவ்வாத்த முடிச்சிட்டுச் சாயங்காலம் வரைக்கும் கொழுந்து மூட்டையும் தூக்குறேங்க. ஆனா நான் ஆம்பள. இந்தப் பக்கந்தான் நிப்பேன்."

பையன்களெல்லாம் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போய்விட்டதால் கவ்வாத்துக்கு ஆள் இல்லை. "எத்தன நாளைக்கின்னு பாப்பம்" என்று கங்காணி கத்தியைக் கொடுத்தார்.

உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். "மானம் போவுது" என்று அம்மா சுவரைப் பார்த்துச் சொன்னார். என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். அதுதான் வலித்தது. அதற்காக நான் பெண்கள் பக்கம் திரும்பிப் போகவில்லை. மற்ற ஆண்கள் வீட்டுக்குப் போன பிறகும் மூட்டை தூக்கினேன். கவ்வாத்துக் காலம் முடியப் போகும்போது ஒரு மத்தியானம் கங்காணி என்னை நிறுத்தினார்.

"போதும்ப்பா. நீ வேலைக்கிப் பயந்து வந்த ஆளில்ல. மத்த ஆம்பளைங்களோட வீட்டுக்குப் போ."

போனேன். நடையெல்லாம் சந்தோஷம். லயத்தில் ஆண்கள் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து கடதாசிச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் இடம் விட்டார்கள். உட்கார்ந்தேன், மனம் ஒட்டவில்லை. எழுந்து போய் அடுப்பை மூட்டித் தேத்தண்ணி ஊற்றி, போத்தலில் அடைத்து எடுத்துக்கொண்டு, பெண்கள் கொழுந்து பறிக்கும் மலைக்கு ஏறினேன்.

நிரையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா போத்தலை வாங்கிப் பாதியைக் குடித்தார். பிறகு நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"இத்தன வருசத்துல எனக்கு மலைக்குத் தேத்தண்ணி கொண்டாந்த மொத ஆம்பள நீதான்."