மூன்றாவது சிக்னல் வரை

பச்சை நிற பிக்கப் பட்டறை வாசலைத் தாண்டித் திரும்புவதற்குள் கிளாம்பு ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார். ஹெல்மெட் பாதி தலையில், அதன் வார் காற்றில். குடித்துக்கொண்டிருந்த டீ? என் தையல் மிஷின் மேல். எத்தனை தடவை சொன்னாலும் அங்கேதான் வைப்பார். முதல் சிக்னல், இரண்டாவது சிக்னல், மூன்றாவது சிக்னல். அதுவரை, அந்த வண்டியின் முதுகில் தான் பூட்டிய ரேக்கை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். பிறகு திரும்பி வந்து, ஆறிப்போன டீயை மடக்கென்று விழுங்கிவிட்டு என்னிடம் ஒரே ஒரு சொல் சொல்வார்.

"அசையல."

நான் கேட்டேனா? இல்லை. ஆனாலும் சொல்வார். ஒரு நாளைக்கு இரண்டு வண்டி என்றால் இரண்டு தடவை.

பட்டறையில் பாதி அவருடையது, பாதி என்னுடையது. நான் வண்டி சீட்டுகளுக்கு உறை தைக்கிறேன். அவர் பிக்கப் வண்டிகளின் பின்தொட்டி மேல் இரும்பு ரேக் பூட்டுகிறார். ஏணி, குழாய், பலகை என்று நீளமான சாமான்களெல்லாம் அதன் மேல் ஏறும். ரேக்கின் கால்களை வண்டியோடு இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பிடிக்குக் கிளாம்பு என்று பெயர். அதுவே அவருக்கும் பெயராகிவிட்டது. வீட்டு ரேஷன் அட்டையில் வேறு ஏதோ இருக்கலாம்; தெருவில் யாருக்கும் தெரியாது. என்னைவிட ஆறு வயது மூத்தவர். என்னை "அக்கா" என்று கூப்பிடுகிறார். அதையும் சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டேன்.

மனிதருக்கு உட்காரத் தெரியாது. நின்றபடி சாப்பிடுவார், நடந்தபடி போன் பேசுவார். கை சும்மா இருக்காது. கண்ணில் பட்டதையெல்லாம் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். கேட்டை ஆட்டுவார், சலூன் நாற்காலியை ஆட்டுவார், என் மிஷினை ஆட்டி என் தையலைக் கோணலாக்குவார். சட்டைப் பையில் எப்போதும் பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர். ஆஸ்பத்திரியில் பெரியப்பாவைப் பார்க்கப் போனவர், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால் கட்டிலின் பக்கக் கம்பியை ஆட்டிப் பார்த்திருக்கிறார். "நர்ஸம்மா, இந்தப் பக்கம் நட்டு லூஸா இருக்கு. நீங்க மருந்து குடுங்க, நான் இத முடுக்கிடறேன்." பெரியப்பா அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தாராம்.

இன்னொரு தடவை, பின்னாலேயே ஹெல்மெட் போட்ட ஒரு ஆள் வருகிறானே என்று பயந்துபோன ஒரு பெண் வண்டியை நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குள் விட்டுவிட்டாள். இவரும் உள்ளே போயிருக்கிறார். கான்ஸ்டபிள் சட்டையைப் பிடித்து விசாரித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கையை நீட்டி ரேக்கை ஆட்டிப் பார்த்து, "அசையல சார்" என்றாராம். விட்டுவிட்டார்கள். வேறென்ன செய்வார்கள்?

முடுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் ஒரு கோடு போடுவார். நட்டில் ஆரம்பித்து அடியிலிருக்கும் தகடு வரை ஒரே கோடு. நட்டு ஒரு நூல் திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். கோடு போடுவது மனைவியின் நெயில் பாலிஷால். இந்த ஊரில் ஓடும் பிக்கப்புகளைப் பார்த்தே அந்த அம்மாள் எந்த மாதம் என்ன கலர் வாங்கினார் என்று சொல்லிவிடலாம்.

முன்பெல்லாம் இவர் இப்படி இல்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், இந்தத் தெருவிலேயே பெரிய தூங்குமூஞ்சி இவர்தான். மத்தியானம் ஆனால் யார் வண்டித் தொட்டியாவது காலியாக இருக்கிறதா என்று பார்ப்பார். ஏறிப் படுத்தால் குறட்டை என் மிஷின் சத்தத்தை அமுக்கிவிடும். அப்படி இருந்த மனிதர் இரண்டு வருஷமாகப் பகலிலும் தூங்குவதில்லை, இரவிலும் தூங்குவதில்லை என்று அவர் மனைவி சொல்கிறார்.

காரணம் அவருடைய மச்சான். மனைவியின் தம்பி. உயரமான கட்டிடங்களுக்கு வெளிப்பூச்சு அடிக்கிற பெயின்டர்.

இரண்டு வருஷத்துக்கு முன் மச்சான் தன் பழைய வண்டியின் தொட்டிக்குக் கெட்டி மூடி ஒன்று போட்டுக்கொண்டு வந்தார். பெயின்ட் டின்கள் மூடிக்குள் நனையாமல் இருக்கும், ஏணிகள் மேலே ரேக்கில் இருக்கட்டும் என்று கணக்கு. கிளாம்பு அதுவரை மூடியில்லாத வண்டிகளுக்கே பூட்டிப் பழகியவர். மூடிக்கு இரண்டு பக்கமும் ஒரு அலுமினியச் சட்டம் உண்டு. அது தொட்டியின் இரும்பு விளிம்பு மேல் உட்கார்ந்திருக்கும். ரேக்கின் கால் பிடிக்க வேண்டியது இரும்பு விளிம்பை. இவர் சட்டத்தைப் பிடித்துப் பூட்டிவிட்டார். ஆட்டிப் பார்த்தால் கல் மாதிரி நின்றது. நானும்தான் ஆட்டிப் பார்த்தேன்.

பெரிய சாலையில் வேகமெடுத்தபோது சட்டம் மூடியிலிருந்து கழன்றது. சட்டம், ரேக், ஏணி எல்லாம் சேர்ந்து பின்னால் ஸ்கூட்டரில் வந்த ஓர் அம்மாள் முன்னால் விழுந்தன. அந்த அம்மாளுக்கு மணிக்கட்டு உடைந்தது. மச்சான்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். கேட்டவர்களிடமெல்லாம், "நான் கயிறு சரியாக் கட்டல" என்று சொல்லிவிட்டார். இவரிடமும் அதையேதான் சொன்னார். இவருக்கு உண்மை தெரியும். ஒரு மழை நாளில் என்னிடம் சொல்லி அழுதிருக்கிறார். மச்சானிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. அதற்குப் பிறகு மச்சான் தன் அக்காவைப் பார்க்க வந்து முன் வாசலில் செருப்பைக் கழற்றினால், இவர் பின் வாசலில் செருப்பை மாட்டுவார்.

இப்போது வருகிற வாடிக்கையாளர்களுக்கெல்லாம் ஒரு பிரசங்கம் உண்டு. "சட்டையப் புடிச்சா ஆளப் புடிச்ச மாதிரி ஆகுமா? அவன் சட்டையக் கழட்டிப் போட்டுட்டு ஓடிடுவான். நான் ஆளத்தான் புடிப்பேன்."

போன வாரம் ஒரு காலையில் வாசலில் ஒரு வெள்ளை பிக்கப் வந்து நின்றது. பின்னால் கறுப்பாக, மூன்றாக மடங்குகிற கெட்டி மூடி. இறங்கியது மச்சான். கிளாம்பு சுற்றுமுற்றும் பார்த்தார். பட்டறைக்குப் பின் வாசல் கிடையாது.

"ரேக் போடணும் மாமா. நாளைக்கு மூணு மாடி ஸ்கூல் வேலை ஆரம்பிக்குது."

"நீ வேற யார்கிட்டயாவது போ மச்சான்."

"போனேன். நாலு பேரப் பாத்துட்டேன். எல்லாரும் போட்டுட்டுக் கைய கழுவிடறாங்க. நீங்கதான் மூணாவது சிக்னல் வரைக்கும் பின்னாடியே போறீங்களாமே."

"உங்க அக்கா அனுப்புனாளா?"

"அவளுக்குத் தெரியாது."

கிளாம்பு என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய? குனிந்து தைத்தேன். காது மட்டும் அங்கே.

சாதாரணமாக மூன்று மணி நேர வேலை. அன்றைக்குச் சாயங்காலம் நான்கு மணி ஆனது. மூடியின் ஓரச்சட்டத்தைத் தளர்த்தி ஒரு விரல்கடை உள்ளே தள்ளினார். கீழே இரும்பு விளிம்பு பளிச்சென்று தெரிந்தது. ரப்பர் வைத்து, கிளாம்பை அந்த இரும்பில் கடிக்க விட்டு, முடுக்கினார். எழுந்தார். ஒரு சுற்று நடந்தார். கழற்றினார். மறுபடி பூட்டினார். மூடியை மடக்கித் தூக்கினால் ரேக்கின் குறுக்குக் கம்பியில் முட்டியது. கால்களை ஒரு துளை உயர்த்தினார். தண்ணீர் பீய்ச்சிப் பார்த்தால் மூலையில் ஒரு சொட்டு உள்ளே இறங்கியது. எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு சொட்டுதானே, விடுங்களேன்" என்றேன்.

"இவன் செவுத்துல பூசுற பட்டி மாவு மூட்டைய உள்ள வைப்பான்க்கா. ஒரு சொட்டு போதும், மூட்டையே கல்லாயிடும்."

எல்லாவற்றையும் கழற்றினார். மச்சான் என் ஸ்டூலில் உட்கார்ந்து, நகத்தில் ஒட்டிய பெயின்டைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். அவசரப்படுத்தவில்லை. அவர் சும்மா இருக்க இருக்க இவர் கை இன்னும் பறந்தது. ஸ்பேனர் இரண்டு தடவை கீழே விழுந்தது.

கடைசியில் கிளாம்பு தொட்டிக்குள் ஏறி மல்லாந்து படுத்தார். மூடியை மூடிவிட்டு உள்ளே இருந்து பார்த்தால், எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே தண்ணீரும் கசியும்.

"மூடு மச்சான்."

மச்சான் எழுந்து போய் மூடினார். பழைய பழக்கத்தில் கிளாம்பு உள்ளே தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். பிறகு மூடிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"மச்சான்… அன்னைக்குத் தப்பு உன் கயித்துல இல்ல."

மச்சான் மூடி மேல் கையை வைத்தபடி நின்றார். "தெரியும் மாமா."

"தெரியுமா? எப்பலேந்து?"

"அப்பவே. கீழ விழுந்த ரேக் கால்ல மூடியோட சட்டமும் தொத்திக்கிட்டு இருந்துச்சே. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

"அப்புறம் ஏன்டா கயிறுன்னு சொன்ன?"

"பட்டறைய மூட வெச்சிருப்பாங்க. அப்புறம் எங்க அக்கா என்ன பண்ணுவா? உங்கள வீட்டுல வெச்சுப் பாத்துக்கிட்டு இருப்பாளா? நாள் முழுக்கக் குறட்ட விட்டுக்கிட்டே இருந்திருப்பீங்க."

உள்ளேயிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. எனக்கு அழுகை வந்தது. அழுதேன், அதிலென்ன வெட்கம்?

"அந்தம்மா கை…?"

"நல்லாயிடுச்சு. போன மாசம் அவங்க வீட்டுக்கு நான்தான் பெயின்ட் அடிச்சேன். டீயெல்லாம் போட்டுக் குடுத்தாங்க. நீங்க ஒரு தடவ கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்." மச்சான் மூடியைத் தட்டினார். "வெளிச்சம் எங்கயாவது தெரியுதா?"

"இல்ல. கும்மிருட்டு. தொற."

வெளியே வந்தவர் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு நேராக நெயில் பாலிஷை எடுத்தார். அந்த மாதம் நல்ல ரோஜா நிறம். எட்டு நட்டுக்கும் எட்டுக் கோடு. ஏணிகள் இரண்டையும் ஏற்றி நான்கு இடத்தில் கட்டினார்கள். வண்டிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த ஏணி நுனியில் என் துணி மூட்டையிலிருந்து ஒரு சிவப்புத் துண்டைக் கேட்காமலே உருவிக் கட்டினார். ரேக்கைப் பிடித்து ஆட்டினார். மறுபடியும் ஆட்டினார். பிறகு ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு, பையில் ஸ்கூட்டர் சாவியைத் துழாவினார்.

மச்சான் கையை நீட்டினார். "அத இங்க குடுங்க."

"எதுக்கு?"

"நீங்க வண்டிய ஓட்டுங்க. நான் பின்னாடி வரேன்."

"டேய், வேணாம். பின்னாடியா? வேணவே வேணாம்."

மச்சான் அவர் கையிலிருந்து சாவியையும் ஹெல்மெட்டையும் வாங்கிக்கொண்டு, பிக்கப் சாவியை அவர் சட்டைப் பையில், ஸ்பேனருக்குப் பக்கத்தில் போட்டார். "நேரமாவுது மாமா. ஏறுங்க."

வண்டி வாசலைத் தாண்டியது, ஏதோ முட்டைக் கூடை ஏற்றின மாதிரி. நான் கத்தரிக்கோலோடு தெருவுக்கே வந்துவிட்டேன். எங்கள் தெருவிலிருந்து பார்த்தால் முதல் சிக்னல் தெரியும். சிவப்பு விழுந்து வண்டி நின்றது. ஸ்கூட்டர் விலகி நிற்கவில்லை, பக்கத்திலும் போகவில்லை. வண்டியின் பின்கதவை முட்டுகிற மாதிரி நெருங்கி, நீட்டிக்கொண்டிருந்த ஏணிக்கு நேர் கீழே போய் நின்றது. டிரைவர் ஜன்னலிலிருந்து கிளாம்பின் கை வெளியே வந்து, தள்ளிப் போ, தள்ளிப் போ என்று பதறிப் பதறி வீசியது.

மச்சான் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். சிவப்புத் துணி அவர் ஹெல்மெட்டை உரசிக்கொண்டிருந்தது.