வெட்டாத துணி

பழைய விமானங்களில் வேலை பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். இதில் இனிப்பாக எதுவும் இல்லை.

1. வாடை

மைசூரில் ஒரு பணக்காரர் இரட்டை இறக்கை விமானம் ஒன்று வைத்திருந்தார். உள்ளே மரச்சட்டம், மேலே துணி. அந்தத் துணியில் ஒரு பழைய பயிற்சிப் பள்ளியின் எழுத்துகள் கையால் வரையப்பட்டிருந்தன. அதைப் பார்க்கவே ரசிகர்கள் கேமராவோடு வருவார்கள். ஓய்வு பெற்ற பிறகு அதற்கு நான்தான் இன்ஜினியர். என் கையெழுத்து இல்லாமல் அது கிளம்பக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை ரசிகர்கள் கூடுவதாக இருந்தது. வியாழக்கிழமை இடது மேல் இறக்கையின் நுனியைப் பிடித்து ஆட்டினேன். உள்ளே மரம் முனகியது. இறக்கையின் அடியில், தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளையில் மூக்கை வைத்தேன். புளித்த மோர் வாடை. அந்தக் காலத்துப் பசை பாலில் இருந்து எடுத்தது. ஈரம் இறங்கினால் கெட்டு உதிரும். இறக்கையைத் தாங்கும் ஸ்பார் கட்டையே அந்தப் பசையில்தான் நிற்கிறது.

"உள்ளங்கை அளவுக்குத் துணியை வெட்டிப் பார்க்கோணுங்க" என்றேன்.

"எழுத்து மேலயா? அதுல ஓட்டை போட்டா அப்புறம் என்ன ஒரிஜினல்?" என்றார் பணக்காரர்.

"வெட்டாம எனக்குத் தெரியாதுங்க."

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணுங்க அருளப்பா. ஞாயித்துக்கிழமை முடியட்டும், திங்கக்கிழமை எங்க வேணா வெட்டிக்கோங்க."

வெள்ளியும் சனியும் சொன்னேன். அதே பதில். ஞாயிறு காலை கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. அந்த விமானத்தைவிட்டு என்னை விலக்கிவிடுவார் என்று பயந்தேன். எனக்கும் அதன்மேல் பைத்தியம் இருந்தது.

2. ஞாயிறு

ஓட்டியவர் மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார், ஏர்லைன்ஸில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஏறும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன அருளப்பா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? உங்க ஊர் மார்டள்ளில ராத்திரி கோழி விருந்தா?"

"ஒண்ணும் இல்லீங் கேப்டன்."

"ஏறலாமா?"

"ஏறலாங்க."

இரண்டு சுற்று நன்றாகப் போயிற்று. மூன்றாவது சுற்றில், படம் எடுக்கிறவர்களுக்காகத் தாழ்வாக வந்து சாய்த்துத் திருப்பினார். இடது மேல் இறக்கை மடிந்தது. விமானம் ராகிக் கொல்லையில் விழுந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். கேப்டனின் உயிர் போயிருந்தது. ஒடிந்த ஸ்பாரில் பசை சுண்ணாம்புத் தூளாக உதிர்ந்தது. பின்னாலேயே வந்த ரசிகர் ஒருவர் கிழிந்த துணியைக் காட்டி, "சார், எழுத்து இருக்கிற துண்டு ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்டார். அவரை அடித்தேன். அதற்கு இன்றுவரை வருத்தப்படவில்லை.

3. கேப்டன் வீடு

விசாரணையில் எதையும் மறைக்கவில்லை. லைசென்ஸ் போனது. போகட்டும்.

அதற்கெல்லாம் முன்பே, விபத்து நடந்த பதினாறாம் நாள் கேப்டன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி என்னை உட்காரச் சொல்லவில்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சுங்கம்மா. முதலாளிகிட்ட மூணு தடவை சொன்னேனுங்க."

"இவர்கிட்ட?"

அம்மா கதவைச் சாத்திவிட்டார்.

பிள்ளைகளே, சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அவர் தரையில் நின்று கைதட்டப் போகிறவர். ஏறப் போகிறவரிடம் சொல்லுங்கள். கேப்டனிடம் சொல்லியிருந்தால் அவரே கத்தியை வாங்கித் துணியை வெட்டியிருப்பார்.